விடிஞ்சா என்ன கிழமை?

சாக்பீஸ் என் கையில்தான் இருந்தது. அடுத்த நொடி அது அந்தப் பெண்ணின் கையில் இருந்தது.

வாசகசாலை வாசலில் மாட்டியிருந்த கரும்பலகையில் அன்றைய எழுத்தை முடித்து, ஸ்டூலை விட்டு இறங்கி, எட்ட நின்று அழகு பார்த்துக்கொண்டிருந்தேன். ஆடிக் காற்று. தேரடித் தெருப் புழுதி பல்லில் நறநறத்தது. பலகையில் இப்படி இருந்தது:

இன்று ஜூலை 20.
நிகழ்ச்சி: மனிதன் நிலவில் காலடி வைத்தான்.
பிறப்பு: எவரெஸ்ட் உச்சியை முதலில் தொட்ட இருவரில் ஒருவர்.
மறைவு: வானொலிக்கு வழி செய்த விஞ்ஞானி.

பெயர்களையும் எழுதியிருந்தேன். இப்போது அவை எதற்கு?

“சார், தப்பு” என்றாள்.

“எது தப்பு?”

“நிலா. கால் வெச்சப்போ நம்ம ஊர்ல இருபத்தொண்ணாந் தேதி. திங்கக்கிழமை காலைல எட்டரை மணி. நான் டூட்டில இருந்தேன்.”

அவள் டூட்டியில் இருந்ததற்கும் நிலவுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்க வாயெடுப்பதற்குள், ஸ்டூல் மேல் ஏறி, 20 என்பதற்குப் பக்கத்தில் சின்னதாக “நமக்கு 21” என்று எழுதிவிட்டாள். சாக்பீஸை என் கையில் திருப்பி வைத்துவிட்டு, கையைத் தட்டிக்கொண்டு போயே போய்விட்டாள்.

போன வாரம் இந்தப் பத்தியில் வந்த சைக்கிள் தொலைந்த கதையைப் படித்துவிட்டு, “சைக்கிள் கிடக்கட்டும், கல்யாணக் கதைக்கு எப்போது வருவீர்?” என்று இரண்டு பேர் கார்டு போட்டிருந்தார்கள். வந்துவிட்டேன். இதுதான் அது.

பெரிய மனுஷர் செத்த நாள்

முதலில் பலகையைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும்.

கடைத்தெரு வியாபாரிகள் சிலர் சேர்ந்து நடத்திய வாசகசாலை அது. நான் அதற்குப் பொறுப்பாளன், கணக்கன், பெருக்குகிறவன், எல்லாம். எழுபதுகளின் தொடக்கம். எனக்கு இருபத்தொன்பது வயது. தினமும் காலை எட்டு மணிக்குப் பலகையில் அன்றைய தேதியில் உலகத்தில் என்ன நடந்தது, யார் பிறந்தார், யார் மறைந்தார் என்று எழுதுவது நானாகத் தேடிக்கொண்ட வேலை. பழைய ஆண்டுமலர்கள், பத்திரிகைத் துணுக்குகள், டைரிகளின் ஓரத்தில் அச்சடித்திருக்கும் குறிப்புகள் என்று ஒரு மூட்டை சேர்த்து வைத்திருந்தேன். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. கொஞ்சம் என்ன, ஜாஸ்தியாகவே உண்டு.

ஆரம்பித்த முதல் வாரமே ஒரு கூத்து நடந்தது. எதிரே டீக்கடை. காலை முதல் ராத்திரி வரை ரேடியோ அலறிக்கொண்டே இருக்கும். அன்றைக்குப் பார்த்தால் சத்தமே இல்லை. மத்தியானம் டீ குடிக்கப் போனபோது, “ரேடியோ ரிப்பேரா?” என்று கேட்டேன்.

கடைக்காரர் குரலைத் தாழ்த்தினார். “பெரிய மனுஷன் செத்திருக்காருனு நீங்களே எழுதிப் போட்டிருக்கீங்க. பாட்டு வெச்சா நல்லா இருக்காதுங்களே.”

“அவர் செத்து முந்நூறு வருஷம் ஆகுதுங்க!”

அவர் டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார். “முந்நூறு வருஷமா நமக்கு யாருமே சொல்லலியா?” என்றார்.

அவரைக் குறை சொல்லி என்ன? எங்கள் ஊரில் தேதி என்பது சம்பளக்காரர்களின் சமாச்சாரம். பிறந்ததற்கு நட்சத்திரம், செத்ததற்குத் திதி. மற்றதெல்லாம் மலை மேல் ஏற்றும் கார்த்திகை தீபத்தை வைத்துத்தான். “தீபத்துக்கு மறுநா எருமை கன்னு போட்டுச்சு”, “பெரிய மழை வந்துச்சே, அந்த வருஷ தீபத்துக்கு முன்னாடி வீடு கட்டினோம்” என்றுதான் பேச்சு. அடி அண்ணாமலையிலிருந்து கீரைக்கட்டு கொண்டுவரும் ஒருவர், “ஏங்க, இந்தப் பெரிய மனுஷங்க யாருக்குமே நட்சத்திரம் கிடையாதா?” என்று ஒரு நாள் உண்மையான அக்கறையோடு கேட்டார்.

இப்படிப்பட்ட ஊரில் என் பலகையில் தப்புக் கண்டுபிடிக்க ஒருத்தி வந்தாள் என்றால் எனக்கு எப்படி இருக்கும்? கோபம் மண்டைக்கு ஏறியது. “நமக்கு 21” என்பதை அழித்தேன்.

மறுநாள் காலை வந்து பார்த்துவிட்டு, “அழிச்சிட்டீங்களா? சரி, இன்னிக்குத்தான் இருபத்தொண்ணு, எழுதுங்க” என்றாள்.

எக்ஸ்சேஞ்சிலிருந்து வந்த சண்டை

பெயர் வசந்தா. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். வெளியூருக்குப் பேச ட்ரங்க் கால் பதிவு செய்தால், அதற்கு ஒரு சீட்டு எழுதுவார்களாம். அதில் மணி, நிமிஷம், தேதி மூன்றும் பிசகக் கூடாதாம். ராத்திரி பன்னிரண்டு அடித்ததும் தேதியை மாற்றியாக வேண்டும். அந்தப் பழக்கம் அவளுக்கு ரத்தத்திலேயே ஊறியிருந்தது.

காலை டூட்டி வாரத்தில் மத்தியானம் இரண்டு மணிக்கு வருவாள். மதிய டூட்டி வாரத்தில் காலையிலேயே வந்து நிற்பாள். புத்தகம் எடுக்கிற சாக்கில் பலகையை ஒரு வரி விடாமல் படிப்பாள். “இவரு போன மாசமே ஒரு தடவை செத்தாரு சார்” என்பாள். உண்மையாகவே நான் இரண்டு முறை சாகடித்திருப்பேன்.

ஐப்பசிக்குள், அவள் வராத நாளில் பலகை எழுதக் கை ஓடாமல் போனது. கார்த்திகையில் வேண்டுமென்றே ஒரு தேதியைத் தப்பாக எழுதினேன். பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். “இது தெரிஞ்சே எழுதினது” என்றாள். எனக்குக் காது வரை சூடாகிவிட்டது.

தை பிறந்ததும் அவளே சொன்னாள்: “உங்கம்மாவ எங்கப்பாகிட்ட வந்து பேசச் சொல்லுங்க.”

அம்மாவின் உயிர்

பேச வேண்டியது என் அம்மா. அப்பா நான் பள்ளிக்கூடம் முடிப்பதற்குள் போய்விட்டார். கீழ்பென்னாத்தூர் பக்கம் மல்லாட்டைக் காட்டில் கடலை பிடுங்கியும், இட்லி சுட்டு விற்றும் என்னை வளர்த்து, வாசகசாலையில் வேலை கிடைத்ததும் என்னோடு செங்கம் ரோட்டுக்குக் குடிவந்தவள். எதற்கும் பயப்படாதவள். பாம்பைச் சாணிக்கூடையில் மூடி அதன் மேல் உட்கார்ந்துகொண்டு ஆளைக் கூப்பிட்டவள்.

வசந்தாவின் அப்பா கோர்ட்டில் சிப்பந்தியாக இருந்து ஓய்வு பெற்றவர். இரண்டு வீடும் ஒரே சனம்தான். பெண் பார்க்கப் போன இடத்தில் அம்மாவுக்கு வசந்தாவை ஒரே பார்வையில் பிடித்துவிட்டது. “பொண்ணு நின்னு பேசுது, பதுங்கல” என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாள். ஜாதகத்தை மஞ்சள் தடவி வாங்கி வந்தோம்.

ஜோசியர் கட்டத்தைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். “ஆயில்யம்” என்றார்.

ஆயில்ய நட்சத்திரத்துப் பெண் வந்தால் மாமியாருக்கு ஆகாது என்பது எங்கள் பக்கத்தில் பச்சைக் குழந்தைக்கும் தெரியும். அம்மாவின் முகத்தில் ரத்தமே இல்லை. வேகமாக வீட்டுக்கு நடந்தாள். செம்பில் தண்ணீர் குடித்துவிட்டு, “பொண்ணு தங்கம்டா. அதுல ஒரு கொறையும் இல்ல. ஆனா நான் சாவணுமாடா?” என்றாள்.

“அதெல்லாம் சுத்தப் பேத்தல்” என்று நான் குதித்தேன். நிலவுக்கே ஆள் போயாயிற்று என்றேன். பலகையில் எழுதின அத்தனை விஞ்ஞானிகளையும் துணைக்கு இழுத்தேன்.

“எல்லாம் சரிடா ஏகா. உங்கப்பன் போனப்போ நான் பின்னாடியே போயிடலாம்னுதான் இருந்தேன். உனக்காக இருந்தேன். இப்ப பேரன் மூஞ்சியப் பாக்கணும்னு ஆச வந்துடுச்சி. அதான் பயமா இருக்கு” என்றாள்.

சட்டையை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினேன்.

வசந்தாவிடம் போய், அம்மாவை மீறி ரிஜிஸ்டர் செய்துகொள்ளலாம் என்றேன். அவள் கண் சிவந்துவிட்டது. “உங்கம்மாவ சாகடிக்க வந்தவனு பேர் வாங்கிட்டு நான் உங்க வாசப்படி ஏறணுமா? அவங்களுக்கு ஒரு தலைவலி வந்தாக்கூட என் மூஞ்சியத்தானே பாப்பாங்க? வேணாம் சார்.”

அத்தனை மாதம் கழித்து மறுபடி ‘சார்’ ஆகிவிட்டேன். அதோடு வாசகசாலைக்கு வருவதை நிறுத்திவிட்டாள். மாசியில் வேறு இடத்தில் அவளுக்கு மாப்பிள்ளை பார்ப்பதாகக் கேள்விப்பட்டேன். அங்கேயும் மாமியார் உயிரோடுதான் இருந்தார். அதனால் தட்டிப்போனது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. சந்தோஷப்பட்டதற்காக வெட்கமாகவும் இருந்தது. இருபத்தாறு வயதாகப் போகும் பெண்ணுக்கு ஒவ்வொரு வீடாகக் கதவு மூடிக்கொண்டிருந்தது.

மறுபடி ஜூலை 20

வருஷம் சுற்றி வந்தது. அதே ஆடிக் காற்று, அதே ஸ்டூல். நிலா, எவரெஸ்ட், வானொலி மூன்றையும் போன வருஷம் எழுதியது போலவே எழுதினேன். “நமக்கு 21” என்று எழுதவில்லை. வீம்புக்கு அல்ல. தப்பைப் பார்த்தால் பொறுக்காமல் வருவாளோ என்ற நப்பாசைதான்.

மத்தியானம் வரை பார்த்தேன். வரவில்லை. அம்மாதான் வந்தாள், கையில் டிபன் கேரியரோடு. காலையில் நான் சாப்பிடாமல் வந்துவிட்டேன். ஒரே வீட்டில் இருந்துகொண்டு நாங்கள் இரண்டு பேரும் தேவைக்கு மட்டும் பேசிக்கொண்ட காலம் அது. கேரியரை வைத்துவிட்டுப் போகாமல், பலகை முன்னால் நின்றாள். எழுத்துக் கூட்டிப் படிக்க அம்மாவுக்குத் தெரியும். நிதானமாகப் படித்தாள்.

“இதுக்குத்தான் அந்தப் பொண்ணு உன்கூட சண்டை போட்டுச்சா?”

“ஆமா.”

“என்னாதான் தப்பு இதுல?”

எரிச்சலோடுதான் சொன்னேன். “அமெரிக்காவுல ஞாயித்துக்கிழமை. நம்ம ஊர்ல அந்த மிஷின் நிலாவுல எறங்குனப்போ ராத்திரி ஒண்ணே முக்கா மணி. கால் வெச்சப்போ காலைல எட்டரை. அதனால இருபத்தொண்ணுனு சொல்றா.”

“எந்த ராத்திரி?”

“ஞாயித்துக்கிழமை ராத்திரி, விடிஞ்சா திங்கக்கிழமை.”

“ராத்திரி ஒண்ணே முக்காலுக்கு எறங்குச்சினா அப்ப ஞாயித்துக்கிழமைதானடா? விடியலியே?”

“நம்ம கணக்குல அப்படி. இங்கிலீஷ் கணக்குல பன்னெண்டு அடிச்சாலே தேதி மாறிடும், கிழமையும் மாறிடும்.”

“பன்னெண்டுக்கேவா? ஊரு தூங்கறப்பவா? யாரு மாத்துனது?” என்றாள் அம்மா. கேரியர் மூடியைத் திறக்கப் போன கை அப்படியே நின்றது.

“ஏகா. அந்தப் பொண்ணு எத்தினி மணிக்குப் பொறந்துச்சினு அவங்கப்பா சொன்னாரு?”

“ராத்திரி மூணரை.”

“என்னா கிழமை?”

“ஞாயிறு. ஜாதக நோட்டுல மொதப் பக்கமே எழுதி வெச்சிருக்காரே. சுதந்திரம் வந்த வருஷம், ஜூலை இருபது, ஞாயிறு, இரவு மூன்றரை மணி, பெண்.” எத்தனை தடவை அந்த வரியைப் பார்த்து நொந்திருப்பேன்! மனப்பாடம்.

“அது சரி. விடிஞ்சா என்ன கிழமை?”

தலையைக் குனிந்து விரல் விட்டு எண்ணினேன். ஒரு வருஷமாக இதே இருபதுக்கும் இருபத்தொன்றுக்கும் சண்டை போட்டவன் நான். பொழுதுக்கும் தேதியைத் திருத்தியவள் வசந்தா. எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றாத கேள்வி. இரவு மூன்றரை என்று எழுதிக் கொடுத்ததை, ஜாதகம் கணித்தவர் இங்கிலீஷ் கணக்கில் இருபதாம் தேதி விடியற்காலை என்று எடுத்துக்கொண்டிருந்தால்? வசந்தாவின் அப்பா எழுதியது இருபதாம் தேதிப் பொழுது சாய்ந்து, அதற்கப்புறம் வந்த மூன்றரையாக இருந்தால்? ஒரு முழு நாள் வித்தியாசம்!

நான் நிமிர்ந்து பார்ப்பதற்குள் அம்மா தெருமுனையில் இருந்தாள். கேரியர் பெஞ்சிலேயே இருந்தது. எங்கே போகிறாள் என்று எனக்கு உறைக்கக் கால் மணி நேரம் ஆயிற்று.

ஞாயிற்றுக்கிழமைக்கு எவனாவது லீவு போடுவானா?

வாசகசாலையைத் திறந்தபடி போட்டுவிட்டு சைக்கிளை மிதித்தேன். போளூர் ரோட்டில் அவர்கள் வீடு. நான் போய்ச் சேர்ந்தபோது அம்மா கூடத்தில் நின்றுகொண்டிருந்தாள். தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கவில்லை. மூச்சு வாங்கியது.

“அண்ணே, உங்க பொண்ணு பொறந்துச்சே, அன்னிக்கு ஞாயித்துக்கிழமை ராத்திரினு சொன்னீங்களே. விடிஞ்சா என்ன கிழமை?”

மனிதர் பயந்துவிட்டார். இருபத்தாறு வருஷம் கழித்து வீடு தேடி வந்து ஒரு பெண்மணி இப்படிக் கேட்டால்? “ஞாயித்துக்கிழமை ராத்திரிங்க. விடிஞ்சா திங்கக்கிழமைதானே வரும்? வேற என்ன வரும்?” என்றார்.

“நல்லா தெரியுமா? சனிக்கிழமை ராத்திரி, விடிஞ்சா ஞாயிறு இல்லியே?”

“என்னாங்க நீங்க! ராத்திரி பூரா கண்ணு மூடல. விடிஞ்சதும் கோர்ட்டுக்கு ஆள் அனுப்பி லீவு சொன்னேன். பெரிய குமாஸ்தா, ‘பொட்டப்புள்ள பொறந்ததுக்கு லீவு ஒரு கேடா’னு கேட்டு அனுப்பினாரு. ஞாயித்துக்கிழமைக்கு எவனாவது லீவு போடுவானா?”

அம்மா தரையில் உட்கார்ந்துவிட்டாள். “தண்ணி குடுங்க” என்றாள்.

தண்ணீர் கொண்டுவந்தது வசந்தா. அன்று அவளுக்கு விடுமுறை. வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்ற என்னைப் பார்த்தாள். தன் அப்பாவைப் பார்த்தாள். மெதுவாக, “அப்போ நான் இருபத்தொண்ணா?” என்றாள். சொல்லும்போதே சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்துவிட்டது. ஊர் சீட்டுக்கெல்லாம் நிமிஷம் பிசகாமல் தேதி போட்டவள், இருபத்தாறு வருஷமாகத் தன் தேதியைத் தப்பாகச் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறாள்.

“நாளைக்குத்தான் உனக்குப் பொறந்த நாளு. நோம்பு மாதிரி செஞ்சிடுவோம்” என்றாள் அம்மா.

ஜோசியர் பழைய பஞ்சாங்கத்தைப் புரட்டிப் புதிதாகக் கட்டம் போட்டார். மகம். “அடடே, மகத்துப் பொண்ணு!” என்றவர், விரலை மடக்கிக்கொண்டே, “ஆனா செவ்வாய் வந்து...” என்று இழுத்தார்.

“எனக்கு ஆகுமா, ஆகாதா? அத மட்டும் சொல்லுங்க.”

“உங்களுக்கு ஒண்ணும் இல்லம்மா.”

“அப்ப போதும். மிச்சத்த அதுங்க பாத்துக்கும்” என்று அம்மா எழுந்துவிட்டாள். செவ்வாய் என்ன செய்ததென்று இன்று வரை எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை.

காலண்டர் சண்டை

ஆவணியில் கல்யாணம். அம்மா பேரன் முகத்தைப் பார்த்தாள். அதற்கப்புறம் பேத்தி முகத்தையும் பார்த்தாள்.

மாமியாருக்கும் மருமகளுக்கும் ஒரே ஒரு சண்டைதான். அது தினமும் நடக்கும். சுவரில் தொங்கும் தினசரி காலண்டர். காலை ஆறு மணி டூட்டிக்கு வசந்தா ஐந்தரைக்கெல்லாம் கிளம்புவாள். போகிற போக்கில் தாளைச் சர்ரென்று கிழித்துவிடுவாள்.

“இன்னும் விடியவே இல்ல, அதுக்குள்ள நாளைக் கிழிக்கிற பாரு!”

“அஞ்சரை மணி நேரம் லேட் அத்தை. பன்னெண்டுக்கே கிழிச்சிருக்கணும்.”

“உன் பன்னெண்ட எக்ஸ்சேஞ்சில வெச்சிக்க. இந்த வீட்ல பொழுது விடிஞ்சாத்தான் மறுநாளு. அந்தக் கணக்குலதாண்டி நீயே எனக்குக் கெடைச்ச.”

கிழித்த தாளை அம்மா சோற்றுப் பருக்கை வைத்து மறுபடி ஒட்டிவிட்டு, வெயில் வந்ததும் தன் கையால் கிழிப்பாள். வசந்தா திரும்பி வந்து பார்த்துச் சிரிப்பாள். ஒரு நாள்கூட இரண்டு பேரும் விட்டுக்கொடுத்ததில்லை. எங்கள் வீட்டில் ஒவ்வொரு நாளும் இரண்டு தடவை கிழிபட்டது.

வாசகசாலைப் பலகையில் ஜூலை 20 வரும்போதெல்லாம் நிலாவுக்கு மட்டும் இடம் விட்டு வைப்பேன். மத்தியானம் வசந்தா வந்து எழுதுவாள்.

எண்பதுகளின் நடுவில் ஒரு ஐப்பசி. நாலு நாள் காய்ச்சல், அவ்வளவுதான். ராத்திரி நாலரை மணி இருக்கும். மழை விட்டிருந்தது. அம்மாவின் தலை வசந்தாவின் மடியில் இருந்தது. பால் ஊற்றினோம். முடிந்துவிட்டது.

கீழ்பென்னாத்தூரிலிருந்து முந்தின நாளே வந்திருந்த தாய்மாமா, ஆட்களுக்குச் சொல்லி அனுப்பக் காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்தார். “தேதி என்னம்மா போடறது? பன்னெண்டு தாண்டிடுச்சே. புதுத் தேதிதானே?” என்று வசந்தாவைத்தான் கேட்டார். அந்த வீட்டில் தேதி விஷயம் அவளைத்தான் கேட்பார்கள்.

வசந்தா சுவரைப் பார்த்தாள். நேற்றைய தாள் அப்படியே தொங்கியது.

“பழைய தேதியே போடுங்க மாமா. இன்னும் விடியல.”

“ஆபீஸ்ல ஒத்துக்க மாட்டாங்களேம்மா.”

“ஆபீஸுக்கு நான் வேற எழுதித் தர்றேன். இது அத்தைக்கு.”

அப்புறமும் அவள் அழவில்லை. பெண்கள் வந்து கட்டிக்கொண்டபோதும் காலண்டருக்குக் கீழே கல்லாக உட்கார்ந்திருந்தாள். மலைப் பக்கம் மேகம் கலைந்து, ஜன்னல் வழியாக வெயில் ஒரு துண்டு சுவரில் விழுந்தது. வசந்தா எழுந்தாள். தாளைக் கிழித்தாள். அதைக் கையில் வைத்துக்கொண்டு, அப்போதுதான் வாய்விட்டு அழுதாள்.